காய்ச்சலும் இல்லை, புண்ணும் இல்லை, சிஆர்பி மட்டும் ஏன் ஏறுகிறது? எடைக்குறைப்பு ஆபரேஷனும் உடம்பின் அழற்சியும்

எடை குறைய ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சிறிதாக்குவது), பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கி, சிறுகுடலின் முன்பகுதியைத் தாண்டி இணைப்பது) செய்துகொள்கிறவர்களை ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கவனித்துக்கொள்வதுதான் என் வேலை. அழற்சி பற்றியும், அதை ரத்தத்தில் காட்டும் சிஆர்பி என்ற புரதம் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் எடை 118 கிலோ. சிஆர்பி 9 என்று வந்திருக்கிறது. "உடம்பில் அழற்சி இருக்கிறது" என்கிறார் டாக்டர். எனக்கு ஒரு வலியும் இல்லையே, எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் கொழுப்பில்தான். கொழுப்பைச் சும்மா கிடக்கும் மூட்டை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளைக் கொழுப்புத் திசுவே சுரக்கிறது என்பது 1993இல் எலிகளில் தெரியவந்தது. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்பும்போது சில செத்துப்போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. வந்த வேலை முடியாததால் அங்கேயே தங்கியும் விடுகின்றன. அங்கிருந்து கிளம்பும் ஐஎல்-6 என்ற இன்னோர் அழற்சிப் பொருள் கல்லீரலுக்குப் போக, கல்லீரல் சிஆர்பியை உண்டாக்குகிறது. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான்.

ஆனால் ஈறு வீக்கம், போன வாரத்துச் சளி எல்லாம்கூட இந்த எண்ணை ஏற்றும். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

கணவருக்கு ஸ்லீவ் முடிந்து மூன்றாம் நாள். சிஆர்பி 70. குறையும் என்றுதானே சொன்னார்கள்?

கத்தி பட்ட உடம்பில் சிஆர்பி ஏறத்தான் செய்யும். இரண்டு, மூன்று நாளில் உச்சிக்குப் போய் அப்புறம் இறங்கும். அது இறங்காமல், காய்ச்சல், நாடி வேகம், வயிற்றுவலி என்று ஏதாவது சேர்ந்தால், தையல் போட்ட இடத்தில் கசிவோ என்று பார்த்தாக வேண்டும். அதற்குக் காலைவரை காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட "குறையும்" என்பது வேறு கணக்கு. எடை இறங்க இறங்க, மாதக்கணக்கில் நடப்பது அது.

இவ்வளவு பெரிய ஆபரேஷன் எதற்கு? லைப்போசக்‌ஷனில் கொழுப்பை நேரடியாக உறிஞ்சி எடுத்துவிட்டால் அழற்சி போய்விடாதா?

நல்ல கேள்வி. இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சினார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் சிஆர்பி, ஐஎல்-6, இன்சுலின் வேலை செய்யும் விதம், எதுவுமே மாறவில்லை. ஏன்? மிச்சமிருந்த செல்கள் முன்போலவே உப்பிக் கிடந்தன. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் இருந்த கொழுப்பை யாரும் தொடவே இல்லை. ஸ்லீவோ பைபாஸோ கொழுப்பை வெட்டி எடுப்பதில்லை. பசியும் சாப்பாடும் குறைய, உடம்பே தன் கொழுப்பைச் செலவழிக்கிறது, ஒவ்வொரு செல்லும் சுருங்குகிறது. அழற்சியைத் தணிப்பது அந்தச் சுருக்கம்தான்.

அழற்சிக்கு எது நல்லது, ஸ்லீவா பைபாஸா?

இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நெஞ்செரிச்சல் இருக்கிறதா, சர்க்கரை எத்தனை வருடமாக இருக்கிறது, இவைதான் முக்கியம்.

அம்மாவுக்கு பைபாஸ் செய்து எட்டு மாதம். முட்டிவலி பாதியாகிவிட்டது. மிச்ச வலிக்கு மெடிக்கலில் பழைய மாத்திரையையே வாங்கிப் போடுகிறார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையாக இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பைபாஸில் இரைப்பையும் சிறுகுடலும் சேர்த்துத் தைத்த இடத்தில் புண் வரும், ரத்தம்கூடக் கசியும். தேவைப்பட்டால் பாரசிட்டமால் போடலாம். இதயத்துக்கென்று எழுதிக்கொடுத்த ஆஸ்பிரின் இருந்தால் மட்டும் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரைக் கேளுங்கள்.

வலி குறைந்ததில் அழற்சிக்கும் பங்கு உண்டு, பாரத்துக்கும் பங்கு உண்டு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியில் விழும் சுமை நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது. தேய்ந்த குருத்தெலும்பு மட்டும் திரும்ப வளராது. மிச்ச வலி அதனால் இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 95, ஒரு வருடம் கழித்து 14. சிஆர்பி மட்டும் நன்றாக இறங்கியிருக்கிறது. என் இரும்பெல்லாம் எங்கே போனது?

அந்த 95ஐ அப்படியே நம்ப முடியாது. அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும், ஆகவே உள்ளே இரும்பு குறைவாக இருந்தாலும் எண் நன்றாகத் தெரியும். இப்போது அழற்சி விலகியதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அதோடு சாப்பாடு குறைந்தது, அமிலம் குறைந்தது, பைபாஸ் என்றால் இரும்பை உறிஞ்சும் முன்சிறுகுடலையே தாண்டி உணவு போகிறது. 14 என்பது உண்மையான பற்றாக்குறை. இரும்பு மாத்திரை தொடர்ந்து எடுக்கிறீர்களா? கால்சியம் மாத்திரையோடு சேர்த்தா, இரண்டு மணி நேரம் தள்ளியா? மாத்திரை போட்ட கையோடு காபி குடிக்கிற பழக்கம் உண்டா? இதையெல்லாம் எழுதுங்கள், ஊசி வழியாக ஏற்ற வேண்டுமா என்று அப்புறம் பார்க்கலாம்.