மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த் தொற்று

கேள்வி: துணிக்கடையில் வேலை செய்கிறேன், வயது 34. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினால் போதுமா?

பதில்: போதாது, சகோதரி. குடலில் இயல்பாக வாழும் ஈ.கோலை என்னும் பாக்டீரியாவே பெரும்பாலும் இத்தொற்றுக்குக் காரணம். பெண்களின் சிறுநீர்க் குழாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உள்ளதால், அந்தப் பாக்டீரியா எளிதில் சிறுநீர்ப்பையை அடைந்துவிடுகிறது. நிறையத் தண்ணீர் குடித்து, அடக்காமல் சிறுநீர் கழிக்கும்போது கிருமிகள் அடித்துச் செல்லப்படுகின்றன. நீங்களோ, தவறு உங்களுடையதல்ல என்றாலும், அதற்கு நேர்மாறாக இருக்க நேர்ந்திருக்கிறது. வேலை நேரத்தில் கழிப்பறைக்குச் செல்வது சலுகையன்று, உடலின் தேவை, தயங்காமல் கேளுங்கள்.

ஆறு மாதத்தில் இரு முறை வந்தாலே அது மீள்தொற்று எனப்படும். ஆகவே மருத்துவரிடம் சென்று, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே, எந்தக் கிருமி என்று கண்டறியும் சிறுநீர்க் கல்ச்சர் பரிசோதனையும், சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எரிச்சல் குறைந்ததும் மாத்திரையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவதும், உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதும் நல்லது. பார்லி கஞ்சி குடிக்கலாம், ஆனால் அது மருந்தாகாது. குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.