எந்த டிவிஷனில் சம்பளம் அதிகம்?

வாசகர் கேள்வி – பதில்

(வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மருந்து விற்பனைப் பிரதிநிதியாக, அதாவது ‘ரெப்’பாகத் தொடங்கி, ஏரியா மேனேஜராக ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார். டிவிஷன் என்பது மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரிவு.)

கேள்வி: நான் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவன். மூன்று வருடமாக வேலூரில் ஒரு கம்பெனியின் ஜெனரல் டிவிஷனில் ரெப். தினமும் பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள், ஐந்தாறு மருந்துக் கடைகள் பார்க்கிறேன். கைக்கு 21,000 ரூபாய் வருகிறது. என்னோடு கல்லூரியில் படித்த நண்பன் போன வருடம் சிறுநீரகப் பிரிவில் சேர்ந்தான். அவன் பட்டியலில் இருக்கும் டாக்டர்களே மொத்தம் நாற்பது பேர்தான். அவனுக்கு 34,000. இது என்ன நியாயம்? நானும் மாறிவிடலாமா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: நியாயம் இல்லை தம்பி. மே மாதத்து வேலூர் வெயிலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேரணாம்பட்டு வரை பைக்கில் போய்வருகிற உங்களைவிட உங்கள் நண்பர் அதிகம் உழைக்கிறார் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கம்பெனி அலைச்சலை அளந்து சம்பளம் போடுவதில்லை. ஒரு ரெப் மாதத்துக்கு எத்தனை ரூபாய் விற்பனை தருகிறார் என்பதைப் பி.சி.பி.எம். என்று ஒரு கணக்காக வைத்திருப்பார்கள். மாதாந்தரக் கூட்டத்தில் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஒரு டிவிஷனுக்கு எவ்வளவு சம்பளம் கட்டுப்படியாகும் என்பதை அந்தக் கணக்குத்தான் முடிவு செய்கிறது.

எண்ணை வைத்தே பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, மாதம் 3 லட்சம் ரூபாய் விற்பனை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர், பொருத்திய சிறுநீரகம் வேலை செய்கிற காலம் முழுவதும் எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை விடாமல் சாப்பிட வேண்டும். மாதம் 6,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்றால் ஐம்பது பேர் போதும். அடுத்த மாதமும் அதே ஐம்பது பேர் வாங்குவார்கள். நீங்கள் விற்பது ஐந்து நாள் காய்ச்சலுக்கான மருந்து. ஒருவர் 100 ரூபாய்க்கு வாங்குகிறார் என்றால் 3,000 சீட்டு எழுதப்பட வேண்டும். அந்த 3,000 பேரும் குணமாகிவிடுவார்கள். அடுத்த மாதம் முதல் தேதி மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு காரணம் விலைக் கட்டுப்பாடு. ஜெனரல் டிவிஷன் பையில் இருக்கும் பாராசிட்டமால், பழைய ஆன்டிபயாடிக் போன்றவை பெரும்பாலும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வருபவை. 2013-ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அவற்றுக்கு அரசு உச்சவரம்பு வைக்கிறது. பாராசிட்டமால் மாத்திரையின் விலை ஒன்றிரண்டு ரூபாய் சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கிறது. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துக்கு வருடத்துக்கு 10 சதவீதம் வரை கம்பெனி விலையேற்றிக்கொள்ளலாம். மக்களுக்கு அந்தக் கட்டுப்பாடு அவசியம். அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் விலையில் கிடைக்காததைக் கம்பெனி எண்ணிக்கையில் தேடுகிறது, அதற்கான பாரம் ஜெனரல் டிவிஷன் ரெப்பின் முதுகில் ஏறுகிறது. இந்தத் தொழிலில் என்னை இன்றும் வருத்துவது இதுதான். ஊரில் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படும் மருந்தைக் கொண்டுசெல்கிறவருக்குத்தான் மிகக் குறைந்த கூலி.

படிப்புக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. டாக்ரோலிமஸ் போன்ற, எதிர்ப்புச் சக்தியைக் கட்டுப்படுத்தும் மருந்தை ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்துச் சோதித்துத்தான் கொடுப்பார்கள். அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும், கூடினால் அதே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதைப் பற்றிச் சிறுநீரக மருத்துவர் குறுக்குக் கேள்வி கேட்டால் ரெப் விழிக்கக் கூடாது. நிலையாக இருக்கும் நோயாளிக்கு டாக்டர் பிராண்டை லேசில் மாற்ற மாட்டார். அதனால் புதிய ரெப்புக்கு முதல் வருடம் இன்சென்டிவ் பெரும்பாலும் கைக்கு எட்டாது. உங்கள் நண்பரின் 34,000-இல் நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள்.

இனி நம் ஊர் விஷயம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. அன்று முதல் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ நோயாளிகள் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்கள். வங்க மொழியில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜுகளை நீங்கள் தினமும் கடந்துபோகிறீர்கள். வெளியிலிருந்து பார்க்கிற கம்பெனிக்கு வேலூர் ஒரு தங்கச் சுரங்கம். இத்தனை பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர், டார்கெட்டை ஏற்று என்பார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக் கடையில் நின்று, எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்று பில்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா தன் மகனுக்கு எழுதிய சீட்டை நீட்டினார். மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தது. கையில் இருந்த பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினைந்து நாளுக்கு மட்டும் கேட்டார். மீதியை ஊரில் வாங்கிக்கொள்கிறாராம். அங்கே வேறு எதையாவது கொடுத்துவிடப் போகிறார்கள் என்று, காகித உறையின் மேல் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். கடைக்காரர் எழுதினார். என் பிராண்டின் பெயர். டாக்டரைப் பல மாதம் பார்த்து, ஆய்வுக் கட்டுரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து நான் வாங்கிய சீட்டு அது. பதினைந்து நாள் விற்பனை எனக்கு, மீதி இரண்டரை மாதமும் ராஞ்சியில் இருக்கும் ரெப்புக்கு. என் கம்பெனி, அந்தந்த ரெப்பின் ஊரில் இருக்கும் ஸ்டாக்கிஸ்டின் (மொத்த விற்பனையாளரின்) கணக்கை மட்டும்தான் பார்த்தது. ராஞ்சிக்காரர் இன்சென்டிவ் வாங்கினார், நான் விளக்கக் கடிதம் எழுதினேன். மேலிடத்தில் எத்தனையோ முறை சொல்லியும் அந்தக் கணக்கை மாற்றவே இல்லை.

ஆகவே சிறுநீரகம், நரம்பியல், ரத்தவியல் என்று எந்தப் பெரிய பிரிவிலிருந்து வேலூருக்கு ஆள் கேட்டு வந்தாலும், நேர்காணலில் ஒரு கேள்வியை வெட்கப்படாமல் கேளுங்கள்: ‘இங்கே எழுதி வெளிமாநிலத்தில் வாங்கப்படும் மருந்து யார் கணக்கில் சேரும்?’ பதில் மழுப்பலாக இருந்தால், அவர்கள் காட்டும் இன்சென்டிவ் தொகையைக் கணக்கில் சேர்க்காமல் நிரந்தரச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

நீங்கள் மாறலாமா என்றால், மாறுங்கள். ஆனால் சிறுநீரகத்துக்கு இப்போதே தாவ வேண்டாம். இதயம்–சர்க்கரைப் பிரிவுக்குப் போங்கள். குடியாத்தத்திலும் பள்ளிகொண்டாவிலும் நீங்கள் மூன்று வருடமாகப் பார்க்கிற அதே டாக்டர்கள்தான் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எழுதுகிறார்கள். உங்கள் முகம் அவர்களுக்குத் தெரியும். நோயாளி உள்ளூர்க்காரர், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர், வாங்குவதும் உள்ளூர்க் கடையில். விற்பனை முழுவதும் உங்கள் கணக்கில் நிற்கும். அங்கே இரண்டு மூன்று வருடம் நன்றாகச் செய்தால், சிறுநீரகப் பிரிவு உங்களைத் தேடி வரும். சர்க்கரை நோயில்தான் பல சிறுநீரகக் கதைகளும் தொடங்குகின்றன, படித்தது வீணாகாது.

கேள்வி: புற்றுநோய் டிவிஷனில்தான் சம்பளம் அதிகம் என்கிறார்கள். கடுமையான நோய் என்பதாலா?
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: நோயின் கடுமைக்கும் ரெப்பின் சம்பளத்துக்கும் தொடர்பே இல்லை ஐயா. காட்பாடி அருகே கரிகிரியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தும் முறையை 1940-களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட் உருவாக்கியது நம் வேலூரில்தான். ஆனால் தொழுநோய் மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, கிடைக்கவும் வேண்டும். விற்பனை இல்லாத இடத்தில் டிவிஷன் இல்லை, டிவிஷன் இல்லாத இடத்தில் ரெப் இல்லை.

புற்றுநோய் மருந்தில் ஒரு நோயாளிக்கான தொகை பெரிது, அதனால் சம்பளமும் பெரிது. ஆனால் இடங்கள் குறைவு. பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூருவிலோ ஆளை வைத்து வேலூருக்கு வந்துபோகச் சொல்வார்கள். பி.பார்ம். கேட்பார்கள். டாக்டரைப் பார்ப்பதோடு வேலை முடியாது. ஆஸ்பத்திரியின் மருந்துக் குழு, கொள்முதல் அதிகாரி, டெண்டர் விலை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். 2019-இல் அரசு 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 சதவீதம் என்று வரம்பு கட்டிய பிறகு பல பிராண்டுகளின் விலை நன்றாக இறங்கியது. நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அது. இன்று அந்தப் பிரிவில் சேர்கிறவர்கள் பழைய விலைக் காலத்து இன்சென்டிவ் கதைகளைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: என் மகள் பி.பார்ம். முடித்திருக்கிறாள். தோல் மருத்துவப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜெனரலைவிட 5,000 அதிகம் தருகிறார்கள். பெண்ணுக்குச் சரிப்படுமா?
– ஒரு தாய், ராணிப்பேட்டை

பதில்: சரிப்படும் அம்மா. தோல் பிரிவில் டாக்டர்கள் எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் நகரத்துக்குள்ளேயே இருப்பார்கள். கிரீம், லோஷன், சோப்பு வகைகளில் பல விலைக் கட்டுப்பாட்டுக்குள் வராதவை, அந்த 5,000 அங்கிருந்துதான் வருகிறது. தோல் தொழிற்சாலைகள் உள்ள நம் பகுதியில் குரோமியம் பட்டுத் தோலில் அரிப்பும் வெடிப்புமாக வருகிற தொழிலாளர்களை உங்கள் மகள் காத்திருக்கும் அறைகளிலேயே பார்ப்பார். படித்த படிப்பு அங்கே உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கும்.

நேரத்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாயங்கால கிளினிக்கில் நோயாளிகள் முடிந்த பிறகுதான் ரெப்பை உள்ளே விடுவார்கள், இரவு ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும். வெளியூர்ப் பயணத்தில் வாணியம்பாடி, திருப்பத்தூர் இருந்தால் இரவு தங்குவதா, திரும்புவதா, தங்கினால் அறை வாடகை யார் தருவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். டாக்டர்களுக்குப் பரிசு கொடுத்து வேலை வாங்கச் சொல்லும் கம்பெனியா என்றும் விசாரியுங்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட விற்பனை நடத்தை விதிகள் அதைத் தடை செய்கின்றன. மாட்டிக்கொள்ளும்போது முதலில் கைவிடப்படுவது ரெப்தான். உங்கள் மகளுக்கு அந்தப் பழி வேண்டாம்.

கேள்வி: ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் சி.டி.சி. (ஒரு ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லி எலும்பு மருத்துவப் பிரிவில் சேர்த்தார்கள். கைக்கு 26,000 கூட வருவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய கடித நகலைப் பார்த்தேன் தம்பி. மாதம் 45,000 என்று காட்டியிருக்கிறார்கள். அதில் 8,000 இன்சென்டிவ், அதுவும் டார்கெட்டை முழுவதும் எட்டினால். 7,000 தினப்படியும் பயணப்படியும். அது உங்கள் பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பணம், சம்பளமே அல்ல. அடிப்படைச் சம்பளம் 15,000-க்குக் கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்கியது சுமார் 720. மீதி 27,480. அதில் உங்கள் பி.எஃப். பங்கு 1,800 போனால் 25,680.

சட்டப்படி பொய் இல்லை. ஆனால் பெட்ரோல் காசைச் சம்பளமாகக் காட்டி ஒரு இளைஞரைச் சேர்ப்பது சரியான செயல் இல்லை என்று நான் உரக்கவே சொல்வேன். டிவிஷனுக்கு டிவிஷன் சம்பள வித்தியாசம் என்று நாம் பேசுவதில் ஒரு பகுதி இப்படிக் காகிதத்தில் மட்டும் இருக்கும் வித்தியாசம்தான். குடியாத்தம் வாசகரும் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது, டார்கெட்டில் ஒரு ரூபாய்கூட எட்டாத மாதத்தில் வங்கிக் கணக்கில் என்ன விழும் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: மாதக் கடைசியில் ஸ்டாக்கிஸ்டிடம் சரக்கை ஏற்றச் சொல்லி மேனேஜர் நெருக்குகிறார், ஏற்றலாமா? ஏற்றாதீர்கள். எலும்புப் பிரிவின் கால்சியம், வலி மாத்திரைகள் அந்த மாதத்து இன்சென்டிவுக்காகக் குடோனில் அடுக்கப்பட்டு, காலாவதித் தேதி நெருங்கும்போது அட்டைப்பெட்டியோடு திரும்பி வரும். அதன் மதிப்பை உங்கள் விற்பனையிலிருந்து கழிப்பார்கள். அதற்குள் அந்த மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். முப்பதாம் தேதி அவர் தொலைபேசியில் சொல்வதை, ‘நீங்கள் சொன்னபடி இத்தனை பெட்டி ஏற்ற வேண்டுமா, உறுதி செய்யவும்’ என்று மின்னஞ்சலில் திருப்பிக் கேளுங்கள். பதில் வராது, பெட்டியும் ஏற வேண்டியிருக்காது.