டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஐயா, நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் பாட்டி காலத்திலிருந்தே தேவாலயத்துக்குப் போகிற குடும்பம். போன வாரம் சித்தப்பா குடும்பப் புலனக் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். கிறிஸ்துமஸ் ரோமர்களின் சூரிய தேவன் பண்டிகையாம், அதைத் திருடிப் பெயரை மாற்றிவிட்டார்களாம், வேதாகமத்தில் அந்தத் தேதியே இல்லையாம், உண்மையான விசுவாசி கொண்டாடக் கூடாதாம். அவர் புதிதாகப் போகிற சபையில் அப்படித்தான் போதிக்கிறார்கள். அம்மா மனம் உடைந்து இந்த வருடம் திறந்த இல்ல உபசரிப்பே வேண்டாம் என்கிறார். எது உண்மை? (வாசகி, கோலாலம்பூர்)

பதில்: முதலில் அம்மாவிடம் முறுக்கு மாவைப் பிசையச் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

சித்தப்பா சொன்னதில் ஒன்று சரி, வேதாகமத்தில் தேதி கிடையாது. பிறப்பின் கதையைச் சொல்பவர்கள் மத்தேயுவும் லூக்காவும்தான், இருவருமே மாதத்தைக்கூடச் சொல்லவில்லை. அந்தக் காலத்து விசுவாசிகளுக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களுடைய பெரிய பண்டிகை உயிர்த்தெழுதல்தான், இரத்தசாட்சிகளைக்கூட அவர்கள் இறந்த நாளில்தான் நினைவுகூர்ந்தார்கள். 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற பெரிய வேத அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று கண்டித்தே எழுதியிருக்கிறார். ஒருவன் அந்த நாளில் தன் அப்பக்காரனைத் தூக்கிலிட்டான், இன்னொருவன் யோவான்ஸ்நானனின் தலையை வெட்டுவித்தான். கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் என்ற கிறிஸ்தவ ஆசிரியர், சிலர் இயேசு பிறந்த நாளாகக் குறித்த தேதிகளைச் சொல்கிறார். அவை நம் கணக்கில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் வருகின்றன, டிசம்பர் 25 அதில் இல்லவே இல்லை.

சரி, அப்படியானால் அந்தத் தேதி முதலில் எங்கே தென்படுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 354-ஆம் ஆண்டுக்காக ரோமில் ஒரு பஞ்சாங்கம் தயாரானது. ஃபிலோகலஸ் என்ற எழுத்துக் கலைஞர், வாலண்டினஸ் என்ற பிரமுகருக்காக எழுதிக் கொடுத்தது. அதில் நகரத்து விழாக்களின் பட்டியலில் டிசம்பர் 25-க்கு நேரே ‘வெல்லப்படாதவரின் பிறந்தநாள்’ என்றும், அன்றைக்கு 30 தேர்ப் பந்தயங்கள் என்றும் இருக்கிறது. அது சூரிய தேவன்தான் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இரத்தசாட்சிகளின் நினைவு நாள் பட்டியல் இருக்கிறது, அதன் முதல் வரியில் அதே தேதிக்கு, யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பட்டியல் 336 வாக்கிலேயே தொகுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அதாவது சூரியனும் கிறிஸ்துவும் ஒரே தேதியில் நமக்கு முதன்முதலாகத் தெளிவாகக் கிடைப்பது ஒரே புத்தகத்தில்தான், இதில் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவுரேலியன் என்ற பேரரசர் 274-இல் சூரியனுக்கு ரோமில் கோயில் கட்டினார் என்பது உண்மை, ஆனால் அதை வைத்து மட்டும் டிசம்பர் 25 ஏற்கெனவே சூரியனின் பெருவிழாவாக இருந்தது என்று நிரூபிக்க முடியாது. சிலர் ரோமர்களின் சாட்டர்னாலியா என்ற குளிர்காலப் பண்டிகையை இழுப்பார்கள், அது டிசம்பர் 17-ஆம் தேதி தொடங்கி 23-ஆம் தேதியோடு முடிந்துவிடும்.

இன்னொரு விளக்கம் இருக்கிறது, அது புலனத்தில் அதிகம் சுற்றுவதில்லை. 200-ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், இயேசு சிலுவையில் மரித்த நாள் மார்ச் 25 என்று கணக்கிட்டு எழுதினார். மரித்த தேதியும் தாயின் வயிற்றில் கருவான தேதியும் ஒன்றே என்ற நம்பிக்கை அந்நாளில் இருந்தது, மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. இது நம் காலத்தில் யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு இல்லை, பழங்காலத்து ஆயர் அகஸ்டினாரே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். கிழக்கே சிலர் சிலுவை மரணத்தை ஏப்ரல் 6 என்று வைத்துக்கொண்டார்கள், அதிலிருந்து எண்ணினால் ஜனவரி 6, கிழக்கில் பிறப்பைக் கொண்டாடிய நாளும் அதுவே! இரண்டு பக்கமும் இப்படிப் பொருந்துவதால்தான் எனக்கு இந்த விளக்கம் வலுவாகத் தெரிகிறது. ஆய்வாளர்கள் இன்னும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் ‘திருடினார்கள்’ என்ற பேச்சைப் பாருங்கள், அது தெளிவாக எழுத்தில் வருவதே 1171-இல் இறந்த டியோனிசியஸ் பார் சலிபி என்ற சிரிய ஆயரின் கைப்பிரதி ஒன்றில் யாரோ ஓரத்தில் கிறுக்கி வைத்த குறிப்பில்தான். சம்பவத்துக்கு எண்ணூறு வருடம் கழித்து!

அதற்காகச் சூரியனுக்கும் இந்தப் பண்டிகைக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ரோமர்கள் டிசம்பர் 25-ஐத்தான் பகல் நீளத் தொடங்கும் நாளாகக் கருதினார்கள், மல்கியாவில் வரும் ‘நீதியின் சூரியன்’ கிறிஸ்துவே என்று போதகர்களும் ஆசையாகப் பிரசங்கித்தார்கள். 461-இல் இறந்த போப் லியோ தன் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஒன்றில் மக்களைக் கடிந்துகொள்கிறார். புனித பேதுரு ஆலயத்தின் படிகளில் ஏறி வந்தவர்கள், உள்ளே நுழைவதற்கு முன் திரும்பி நின்று உதிக்கிற சூரியனுக்குத் தலை வணங்கினார்களாம். பழைய பழக்கம் ஒரே நாளில் போய்விடாது, அதைப் பார்த்துத் திருச்சபை சும்மா இருக்கவும் இல்லை.

சித்தப்பா கொண்டாட வேண்டாம் என்று நினைத்தால் அது அவருடைய மனச்சாட்சி, அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நாட்களை விசேஷமாக எண்ணுகிறவனும் எண்ணாதவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அவருக்கு முன்னோடிகளும் உண்டு: இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்டுகள் ஆதிக்கம் செலுத்திய பாராளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸையே ஒழித்துச் சட்டம் போட்டது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். கொண்டாடாமல் இருக்க அவருக்கு உரிமை இருக்கிறது, ஆனால் சரித்திரத்தை அரைகுறையாகச் சொல்லி உங்கள் அம்மாவை அழவைக்க இல்லை.

கேள்வி: சில நாடுகளில் ஜனவரி 7-ஆம் தேதி கிறிஸ்துமஸ் என்கிறார்கள், சிலர் 6 என்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்? (வாசகர், பினாங்கு)

பதில்: இரண்டும் வேறு வேறு விஷயம். 7-ஆம் தேதி என்பது காலண்டர் விவகாரம். 1582-இல் போப் கிரகோரி காலண்டரைத் திருத்தினார், ரஷ்யத் திருச்சபை போன்ற சில ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய ஜூலியன் கணக்கிலேயே நின்றுவிட்டன. இப்போது இரண்டுக்கும் 13 நாள் வித்தியாசம், அதனால் அவர்களுடைய டிசம்பர் 25 நமக்கு ஜனவரி 7.

6-ஆம் தேதி இதைவிடப் பழையது. கிழக்கத்தியத் திருச்சபைகள் பல, பிறப்பையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்து அன்றைக்குத்தான் கொண்டாடின. டிசம்பர் 25 ரோமிலிருந்து மெல்ல மெல்லத்தான் கிழக்கே போனது, 386-இல் அந்தியோகியாவில் பிரசங்கித்த ஜான் கிறிசோஸ்தம், இந்த நாள் நமக்குத் தெரிந்து இன்னும் பத்து வருடம்கூட ஆகவில்லை என்கிறார். ஆர்மேனியர்கள் மட்டும் மாறவே இல்லை, இன்றைக்கும் அவர்களுக்கு ஜனவரி 6-தான். நீங்கள் பினாங்குக்காரர், ஜோர்ஜ்டவுனில் ஆர்மேனியன் ஸ்திரீட்டில் எத்தனையோ முறை நடந்திருப்பீர்கள். அந்தத் தெருவுக்குப் பெயர் தந்தவர்களும், ஈ அண்ட் ஓ ஹோட்டலை நடத்திய சார்கீஸ் சகோதரர்களும் அந்த இனத்தவர்கள்தான்.

கேள்வி: எரேமியா 10-ஆம் அதிகாரத்தில் கிறிஸ்துமஸ் மரம் வைக்கக் கூடாது என்று இருக்கிறதாமே? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: முழு அதிகாரத்தையும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். காட்டில் வெட்டிய மரத்தைத் தச்சன் செதுக்கி, வெள்ளியும் பொன்னும் பூசி, ஆடாதபடி ஆணி அடிக்கிறான், அது பேசாது, நடக்காது, யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வருகிறது. அது விக்கிரகம். எரேமியா கிறிஸ்துவுக்குச் சுமார் 600 வருடம் முந்தியவர். வீட்டுக்குள் மரம் வைக்கிற பழக்கம் ஜெர்மானிய மக்களுடையது, 1605-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் காகித ரோஜாவும் ஆப்பிளும் தொங்கவிட்ட மரங்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. 1848-இல் விக்டோரியா மகாராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கிற படம் லண்டன் பத்திரிகையில் வந்த பிறகு ஆங்கிலேயர்களிடம் வேகமாகப் பரவியது. மனசு ஒப்பவில்லை என்றால் மரத்தை விட்டுவிடுங்கள், குடில் மட்டும் வைத்தால் தாராளமாகப் போதும். அது மரத்தைவிட மூத்தது, 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் வைக்கோல் பரப்பி, நிஜமான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி வைத்துக் கொண்டாடினார்.