வெள்ளை நாற்றும் உட்கருவின் பிடியும்

கேள்வி: பசுங்கணிகத்துக்கு (இலையைப் பச்சையாக்கி உணவு தயாரிக்கும் செல் உறுப்பு, குளோரோபிளாஸ்ட்) தனி டி.என்.ஏ. உண்டு என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் செல்லின் உட்கருவில் (நியூக்ளியஸ்) உள்ள மரபணு அதை எப்படிக் கட்டுப்படுத்த முடியும்?
– பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி

பதில்: டி.என்.ஏ. உண்டு, ஆனால் சிறியது. நெல்லின் பசுங்கணிக டி.என்.ஏ.வை 1989-ல் முழுமையாக வரிசைப்படுத்தினார்கள். நீளம் 1,34,525 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்). அதிலிருந்து கிடைக்கும் புரதங்கள் நூறுக்கும் குறைவு. பசுங்கணிகம் வேலை செய்ய இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். மீதியை உட்கருதான் கொடுக்கிறது.

இதைவிட முக்கியம், பசுங்கணிகத்தின் சொந்த மரபணுக்களை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுப்பதே உட்கருவின் தயவில்தான் நடக்கிறது. பசுங்கணிகத்தில் படியெடுக்கும் நொதிகள், அதாவது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள், இரண்டு உண்டு. ஒன்று முழுக்க உட்கரு மரபணுவிலிருந்து வருவது. மற்றொன்றின் மையப் பகுதியைப் பசுங்கணிகமே செய்துகொள்கிறது. ஆனால் எந்த மரபணுவின் முன்னால் போய் உட்கார வேண்டும் என்று அதற்குக் காட்டும் சிக்மா காரணிகள் உட்கருவின் சரக்கு. ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இவை 6.

படியெடுத்த பிறகும் பிடி தளர்வதில்லை. பி.பி.ஆர். என்ற புரதக் குடும்பம் ஒன்று உண்டு; சுமார் 35 அமினோ அமிலம் கொண்ட துண்டு திரும்பத் திரும்ப வந்து, ஆர்.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். அராபிடாப்சிஸில் சுமார் 450 இருக்கின்றன. ஒரு பகுதி, செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கும் போகும். ஓர் உதாரணம்: அந்தச் செடியின் பசுங்கணிகத்தில் என்.டி.எச்.டி. என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. ஏ-சி-ஜி என்று தொடங்குகிறது. அதில் 'சி'யை 'யு' ஆக மாற்றினால்தான் ஏ-யு-ஜி என்ற, புரதம் செய்யத் தொடங்கச் சொல்லும் குறி பிறக்கும். சி.ஆர்.ஆர்.4 என்ற ஒரே ஒரு பி.பி.ஆர். புரதம் இல்லாவிட்டால் அந்த எழுத்து மாறாது.

கேள்வி: நாற்றங்காலில் சில நாற்று பால்வெள்ளையாக முளைத்து இரண்டு, மூன்று வாரத்தில் காய்ந்துவிடுகிறது. யூரியா போட்டும் பயனில்லை. இது உட்கரு மரபணுக் கோளாறா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– விதை உற்பத்தியாளர், தஞ்சாவூர்

பதில்: உரக் குறையென்றால் பாத்தி முழுக்க வெளிறும். பச்சை நாற்றுகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் சுத்த வெள்ளை என்றால் மரபணுவைச் சந்தேகியுங்கள். வெள்ளை நாற்று விதையிலுள்ள சேமிப்பு தீரும் வரைதான் வாழும். அதிலிருந்து விதை எடுக்க முடியாது. அதனால் அதே கதிரிலிருந்து வந்த பச்சை நாற்றுகளை வளருங்கள். மூன்றில் இரண்டு, பச்சையாக இருந்தாலும் இந்தக் குறையை மறைவாகச் சுமந்திருக்கும். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக அறுத்து, 100 விதை வீதம் தட்டில் போட்டு, வெளிச்சத்தில் 30 டிகிரியில் வைத்து, 10–12ஆம் நாளில் எண்ணுங்கள். சுமக்கும் செடியென்றால் 25-ஐ ஒட்டி வெள்ளை வரும். 17 முதல் 33 வரை வந்தாலும் ஏற்கலாம்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் மூன்று காரணத்தால். பல செடிகளின் விதை கலந்துவிட்டால் விகிதம் சிதையும். தாமதமாக எண்ணினால் வெள்ளை நாற்று செத்திருக்கும். மூன்றாவது குளிர்: நெல்லில் 20 டிகிரியில் வெளிறி 30 டிகிரியில் பச்சையாகும் உட்கரு மரபணுக் குறைகள் உண்டு. அதனால் வெளிறியதைப் பார்த்ததும் தட்டின் வெப்பநிலையைக் குறித்துவையுங்கள்.

கேள்வி: விகிதமே இல்லாமல் வெள்ளைக் கோடு போட்ட செடி வந்தால்?
– அதே வாசகர்

பதில்: பசுங்கணிக டி.என்.ஏ.விலேயே குறை இருக்கலாம். அது தாய் வழியே இறங்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம். மக்காச்சோளத்தில் ஐயோஜாப் என்ற மரபணுக் குறையால் வரும் வெள்ளைக் கோடுகளை மரபியலாளர் மார்கஸ் ரோட்ஸ் 1943-ல் விளக்கினார். தொடக்கக் குறை உட்கருவில்தான். ஆனால் ஒருமுறை கெட்ட பசுங்கணிகம், நல்ல மரபணு மகரந்தம் வழியே வந்த பிறகும் தேறவில்லை. அதில் புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமே இல்லை. ரைபோசோம் புரதங்கள் சிலவற்றின் மரபணு பசுங்கணிகத்துக்குள்ளேயே இருப்பதால், அவற்றைச் செய்யவும் ரைபோசோம் வேண்டும். எனவே கோடு போட்ட செடியைத் தாயாக ஒருமுறை, தந்தையாக ஒருமுறை வைத்து இரண்டு பக்கமும் கலப்பு செய்யுங்கள். தந்தையாக வைத்த கலப்பின் முதல் தலைமுறை முழுப் பச்சையாக இருந்து, இரண்டாம் தலைமுறையில் கோடு திரும்பினால் மூலம் உட்கருவில் இருக்கிறது.