காலண்டர் அட்டையும் அகல் விளக்கும்: பழைய துப்பாக்கிக்கு வீட்டிலேயே இலக்கு

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று, உரிமத்துடன் என் பெயருக்கு மாறியிருக்கிறது. எந்த விலங்கையும் சுடும் எண்ணம் எனக்கில்லை. ஓய்வு நாளில் குறி பார்த்துப் பழக வேண்டும் என்பதே ஆசை. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு என்னென்ன இலக்குகள் செய்யலாம்? தகர டின், பாட்டில், பழைய டயர் ஆகியவை போதுமா?

பதில்: நீங்கள் குறிப்பிட்ட மூன்றில் டின்னை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன், அதுவும் அரை மனதோடு. பாட்டில் சிதறினால் அந்தக் கண்ணாடித் துண்டுகள் காப்பிப் பழம் பறிக்க வருபவர்களின் காலுக்காகப் பல ஆண்டுகள் மண்ணில் காத்துக் கிடக்கும். டயர் அதைவிட மோசமானது. கருமருந்தின் விசையில் போகும் உருண்டை ஈயக்குண்டு மெதுவானது, கனமானது. ரப்பரைத் துளைக்காமல் அதில் அழுந்தி, வந்த வழியிலேயே திரும்பி வரக்கூடியது. காய்ந்த வைரம் பாய்ந்த மரக்கட்டைக்கும் இந்தக் குணம் உண்டு. உங்கள் துப்பாக்கி 12 போர் என்று கொள்வோம். குழலின் அளவைக் குறிக்கும் அந்தப் பெயரே ஒரு பவுண்டு ஈயத்தில் பன்னிரண்டு குண்டு வார்க்கும் அளவு என்பதிலிருந்து வந்ததுதான். அதன்படி ஒரு குண்டின் எடை ஏறக்குறைய 38 கிராம். அது திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சேலத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போனால் எந்த அளவிலும் தகடு வெட்டி வாங்கலாம் என்பதால், இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு 'டங்' என்ற ஓசை கேட்கப் பலருக்கு ஆசை வருகிறது. சாதாரண இரும்பு குண்டு பட்டுப் பட்டுக் குழி விழுந்தபின், அந்தக் குழியே ஈயச் சிதறலைச் சுட்டவர் பக்கம் திருப்பிவிடும். ஆகையால் அதுவும் வேண்டாம்.

இலக்கைப் பற்றிப் பேசுமுன் உரிமத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது எந்த நோக்கத்துக்காக வழங்கப்பட்டது என்பதை எடுத்துப் படியுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று கொடுத்த உரிமம் பொழுதுபோக்காகச் சுடுவதற்கும் தானே பொருந்தும் என்று நானாக இருந்தால் எண்ணிக்கொள்ள மாட்டேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் பெற்று, உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தெரிவித்த பிறகே முதல் குண்டைச் சுடுவேன். பதில் 'கூடாது' என்று வந்தால், உரிமம் பெற்ற சுடுதளத்துக்கு இதே இலக்குகளைக் கொண்டுபோய், அங்கே அனுமதிக்கும் வகைகளை மட்டும் பயன்படுத்தலாம். 'பழம்பொருள்தானே, இதற்கு ஏன் உரிமம்?' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கே உரியது. உங்களுடையது சுடும் துப்பாக்கி.

அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, முதலில் இலக்குக்குப் பின்னால் நிற்கும் மண்ணைப் பார்ப்போம். சேர்வராயன் மலையில் சரிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல இடங்களில் ஒரு முழ மண்ணுக்குக் கீழே சார்னோகைட் என்னும் கடும்பாறை இருக்கிறது. பச்சைப் புல் மூடிய மேட்டைப் பார்த்து 'மண்சுவர்' என்று நம்பிவிடாதீர்கள். கடப்பாரையை எடுத்து, இலக்கு நிற்கப்போகும் இடத்துக்குப் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கும் இரண்டு ஆள் அகலத்துக்கும் பத்துப் பதினைந்து இடங்களில் இரண்டடி ஆழம் குத்திப் பாருங்கள். ஓரிடத்தில் 'ணங்' என்று கேட்டாலும் அந்த மேடு உதவாது. வேறு மேடு கிடைக்காவிட்டால், சல்லடையில் சலித்த தோட்ட மண்ணைக் கோணிப்பைகளில் நிரப்பி, பின்னுக்கு மூன்று வரிசையாக அடுக்கலாம். இந்த வேலைக்கு எம்-சாண்ட் கூடாது. அதுவே நொறுக்கிய கல். மேட்டின் உச்சிக்கு மேல் வானம் தெரியும் கோணத்தில் ஒருபோதும் சுடக் கூடாது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு நடக்கும் காலத்தில் செடிக்கு நடுவே குனிந்து நிற்கும் ஆள் பத்தடி தூரத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படமாட்டார். அந்த மாதங்களைப் பழகுவதற்கு ஒதுக்க வேண்டாம்.

இனி இலக்கு. என் அனுபவத்தில் தினசரிக் காலண்டரின் அட்டையை மிஞ்சிய பொருள் இல்லை. டிசம்பர் முடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு கிடைக்கும். சாமிப் படத்தை முன்பக்கம் வைத்துச் சுட மனம் வராது. திருப்பிப் போட்டு, வெள்ளைத் தாளை மைதாப் பசையால் இறுக்கமாக ஒட்டுங்கள். உருண்டைக் குண்டு தொங்கும் தாளைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் அட்டையோடு ஒட்டிய தாளில் ஓரளவு வட்டமான துளை விழும். அடி எங்கே பட்டது என்று வாதம் வராது. இந்த அட்டையை இரண்டடிச் சதுரமான அட்டைப்பெட்டித் துண்டின் நடுவில் பொருத்திவிட்டால், விலகிப்போன குண்டும் பெரிய அட்டையில் தன் தடத்தை விட்டுச்செல்லும்.

கறுப்பு வட்டம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். உங்கள் துப்பாக்கியில் குறி பார்க்கக் குழல் நுனியில் ஒரு சிறு மணி மட்டும் இருக்கும் என்று எண்ணுகிறேன். அந்த மணி 3 மி.மீ. அகலம், கண்ணிலிருந்து அது 120 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று கொண்டால், 25 மீட்டரில் ஆறு செ.மீ.க்குச் சற்று மேலான அகலத்தை அது மறைத்துவிடும். 50 மீட்டரில் பன்னிரண்டரை செ.மீ. மறையும். வட்டம் அதைவிடச் சிறியதாக இருந்தால் எதைப் பார்த்துச் சுடுகிறோம் என்பதே தெரியாது. வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் பழைய சி.டி. ஒன்றை எடுங்கள், அதன் விட்டம் சரியாக 12 செ.மீ. அதை வைத்து வரைந்த வட்டம் 25 மீட்டரில் மணியைப் போல் இரு மடங்கு தெரியும், நடுத்துளையைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் மையமும் கிடைத்துவிடும். 50 மீட்டருக்குச் சாப்பாட்டுத் தட்டை வைத்து வரையுங்கள். வண்ணம் பூச எனாமல் பெயிண்ட் வேண்டாம், மலை வெயிலில் அது பளபளத்துக் கண்ணைக் கூசச் செய்யும். விளக்குக்கரியைச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துப் பூசினால் மங்கலான, ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும்.

வட்டம் மணியின் தலைமேல் உட்கார்ந்திருப்பதுபோல் வைத்து, ஒரே மாதிரியாக ஐந்து குண்டுகள் சுடுங்கள். ஐந்தும் வட்டத்துக்கு வெளியே, ஆனால் ஓரிடத்தில் சேர்ந்து விழுந்தால் மனம் தளர வேண்டாம். பழைய துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு சாய்வு உண்டு. குழலை வளைக்கவோ மணியை அராவவோ போகாமல், அடுத்த தாளில் அந்த விலகலுக்கு ஏற்ப மதிப்பெண் வளையங்களைத் தள்ளி வரைந்துகொள்வதுதான் தாத்தாவின் பொருளுக்குச் செய்யும் மரியாதை.

காகிதத்தின் குறை ஒன்றுதான்: கருமருந்துப் புகை கலையும்வரை எதுவும் தெரியாது, கலைந்த பிறகும் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். ஆடித் திருவிழாப் பொருட்காட்சியில் பலூன் சுடும் கடையில் நின்றவர்களுக்குப் பட்டதும் உடையும் பொருளின் சுவை தெரியும். ஆனால் பலூன் ரப்பரை மாடு மேய்ந்துவிடும் என்பதால் தோட்டத்தில் அது வேண்டாம். அதற்குப் பதிலாகக் கார்த்திகை தீபம் முடிந்து மூலையில் கிடக்கும் அகல் விளக்குகளைச் சேர்த்துவையுங்கள். மண்மேட்டிலேயே ஒரு படி வெட்டி, அதில் வரிசையாகச் சாய்த்து நிறுத்தினால் போதும். இன்னும் நல்லது, ஏரி வண்டலைக் கல் இல்லாமல் பிசைந்து, உள்ளங்கை அளவுக்கு அரை அங்குலக் கனத்தில் வில்லை தட்டி, சூளையில் வைக்காமல் வெயிலில் மட்டும் காயவைப்பது. பட்டவுடன் செம்புழுதியாகப் பறக்கும். அடுத்த மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். தென்னங்கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கொட்டாங்குச்சியும் நல்ல விளையாட்டு. சுற்றுகிறதா, ஆடுகிறதா என்பதைப் பார்த்தே எந்தப் பக்கம் பட்டது என்று சொல்லிவிடலாம். டின் வைப்பதென்றால் வெறும் டின்னாக, மெல்லிய தகரமாக இருக்கட்டும். எண்ணிவைத்து, எண்ணி எடுத்துவாருங்கள்.

பூசணி, தர்பூசணி, உப்புக்கட்டி ஆகியவற்றை வைத்துச் சுடும் வழக்கம் வெளிநாட்டினரிடம் உண்டு. ஏற்காட்டில் அதைச் செய்தால் மறுநாள் காட்டெருமை வந்து நிற்கும். சுடுமிடத்துக்கு அவற்றை நாமே பழக்கப்படுத்துவது அறிவீனம்.

கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். மருந்தைப் பற்றவைக்கும் கேப் வெடிக்கும்போது அதன் செம்புத் துணுக்கு முகத்தை நோக்கித் தெறிக்கும். குதிரை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தி, விழுந்தும் மருந்து பற்றாவிட்டால், குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது வைத்திருங்கள். குண்டைச் சுற்றிய துணி புகைந்தபடியே சில மீட்டர் தள்ளி விழும். பிப்ரவரிக்குப் பின் சருகு காய்ந்த நாள்களில் அதுவே ஒரு சரிவைக் கொளுத்தப் போதும். எனவே பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அந்தத் துணியைத் தேடி மிதித்து அணைக்க வேண்டும். மாதம் ஒருமுறை மேட்டு மண்ணைச் சலித்து ஈயத்தைப் பொறுக்கிவிடுங்கள். மழைநீர் ஊற்றுக்கு வடியும் பக்கத்தில் அந்த மேடு இருக்கக் கூடாது. கை கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது.

சுட்ட தாளைத் தூக்கி எறியாமல், பின்பக்கத்தில் தேதி, தூரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டைகளைச் செய்தித்தாள் துண்டும் மைதாப் பசையும் கொண்டு அடைத்து, மேலே புதுத் தாள் ஒட்டினால், ஒரு காலண்டர் அட்டையை நான்கைந்து முறையாவது மீண்டும் நிறுத்தலாம்.