மூடிய ட்ரெய்லரில் டி.ஜே. சாமான்: கேட்டவர்களுக்குப் பதில்

கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் என்று மண்டபம் மண்டபமாக ஸ்பீக்கரும் லைட்டும் ஏற்றி இறக்கி எனக்கு இருபது வருடம் ஆகிறது. முதல் எட்டு வருடம் வான் வண்டியில் ஓடினேன். அப்புறம் 6 அடி அகலம், 12 அடி நீளமான மூடிய ட்ரெய்லர். கலியாணப் பருவம் தொடங்குமுன் ட்ரெய்லர் வாங்க நினைக்கிற பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். எந்தச் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்பதை நான் இரவு இரண்டு மணியை நினைத்துத்தான் முடிவு செய்வேன். கலியாணம் முடிந்துவிட்டது, மண்டபக்காரர் லைட்டை அணைக்கிறார், கால் கடுக்கிறது, வெளியே மைனஸ் 15. அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. மூளை இல்லாமலும் பிழை விட முடியாதபடி ட்ரெய்லரை அமைக்க வேண்டும். கீழே வருகிற பாதிப் பதில்கள் இதில் இருந்து வந்தவைதான்.

கேள்வி: அண்ணை, என்னிடம் மினிவான் இருக்கிறது. 3,500 இறாத்தல் இழுக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. 6க்கு 12 ட்ரெய்லர் இழுக்கலாமா?

இழுக்கும், தம்பி. ஆனால் அந்தப் புத்தகத்தில் இன்னும் இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள். பல மினிவான்களுக்கு ட்ரெய்லரின் முகப்பு எத்தனை சதுர அடி இருக்கலாம் என்றும் ஒரு வரம்பு உண்டு. மூடிய ட்ரெய்லர் காற்றுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கும். 401 நெடுஞ்சாலையில் எதிர்காற்று அடித்தால் எடையைவிட அந்தச் சுவரைத்தான் எஞ்சின் இழுக்கிறது. V வடிவ மூக்கு இருந்தால் கொஞ்சம் உதவி.

மற்றது, வானுக்குள் இரண்டு உதவியாளரும் லைட் பெட்டிகளும் ஏறினால் அந்த எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ட்ரெய்லரின் மூக்கு, அதை மாட்டுகிற உங்கள் வண்டியின் பின்பக்க இரும்புப் பந்தில் அழுத்துகிற எடையும் வானின் தலையில்தான் விழுகிறது. 5க்கு 8 அல்லது 5க்கு 10 போதுமா என்று முதலில் யோசியுங்கள். மாதத்துக்கு ஒரு நிகழ்ச்சிதான் என்றால் என் வாக்கு வாடகை வானுக்கு. ட்ரெய்லர் வாங்கினால் அதை நிறுத்த இடமும் வேண்டும்.

கேள்வி: பார்த்த ட்ரெய்லர் எல்லாவற்றிலும் 2,990 இறாத்தல் என்று எழுதியிருக்கிறது. ஏன் 3,000 என்று போடவில்லை?

நல்ல கண். ஒன்ராறியோவில் ட்ரெய்லரின் மொத்த எடை 1,360 கிலோவைத் தொட்டாலோ தாண்டினாலோ அதற்குத் தனி பிரேக் வேண்டும். 1,360 கிலோ என்பது ஏறக்குறைய 3,000 இறாத்தல். அமெரிக்காவிலும் பல மாநிலங்களில் அதே 3,000தான் கோடு. அதனால் அந்தக் கோட்டுக்குப் பத்து இறாத்தல் கீழே முத்திரை குத்தி, பிரேக் இல்லாமல் மலிவாக விற்கிறார்கள். கீழே சக்கரங்களைத் தாங்குகிற அச்சு பெரும்பாலும் 3,500 இறாத்தல் அச்சுத்தான்.

அந்த 2,990 என்பது ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்த எடை. வெறும் ட்ரெய்லரே 1,300 அளவில் வரும். மிச்சம் 1,700. இதில் முக்கால் அங்குலப் பிளைவுட்டில் தட்டும் தடுப்பும் அடித்தால், பலகை ஒன்று 60, 70 இறாத்தல், நாலு பலகையில் 250 போய்விடும். 18 அங்குல சப்வூஃபர், அதுதான் பெரிய பேஸ் ஸ்பீக்கர், ஒன்று 100க்கு மேல். லைட் தொங்கவிடுகிற டிரஸ் சட்டம், கேபிள் பெட்டி, ராக், டி.ஜே. மேசை எல்லாம் ஏற்றிப் பாருங்கள், கோடு எவ்வளவு பக்கத்தில் என்று தெரியும்.

என் அபிப்பிராயம்: கொஞ்சம் காசு கூடப் போனாலும் மின்சார பிரேக் உள்ளதை வாங்குங்கள். அதற்கு வண்டியில் 7 முனை இணைப்பும், ட்ரெய்லர் பிரேக்கை இயக்குகிற பிரேக் கன்ட்ரோலரும் வேண்டும். 4 முனை இணைப்பு லைட்டுக்கு மட்டும்தான்.

கேள்வி: போன மாதம் ஒஷாவா போகும்போது ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடியது. சாமான் எல்லாம் இறுக்கித்தான் கட்டியிருந்தேன். என்ன பிழை?

எனக்கும் இதேதான் நடந்தது, அதே பக்கத்தில், பிக்கரிங் தாண்டி. பிழை என்னுடையதுதான். மண்டபத்துக்குள் முதலில் போக வேண்டியது சப்வூஃபர், ஆகவே நாலையும் கதவோரம் ஏற்றினேன். ஏற்றுகிறவனுக்கு வசதி. ஆனால் பின்பக்கம் கனத்து மூக்கு லேசாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய லொறி கடந்து போனதுதான் தாமதம், ட்ரெய்லர் இடமும் வலமுமாக வீச, எனக்கு வாய் உலர்ந்து போனது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக் கன்ட்ரோலர் இருந்தால் அதில் இருக்கிற கைப்பிடியை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னால் இருந்து இழுபட்டு நேராகும்.

திரும்ப நடக்காமல் இருக்க, எடையில் 60 பங்கு அச்சுக்கு முன்னால், 40 பங்கு பின்னால் இருக்க வேண்டும். ட்ரெய்லரின் மூக்கு பந்தில் அழுத்துகிற எடையை டங் வெயிட் என்பார்கள். அது ஏற்றிய மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வர வேண்டும். 2,500 இறாத்தல் ஏற்றினால் 250 முதல் 375.

இதை அளக்கக் குளியலறைத் தராசு போதும். ஒரு தடித்த பலகையின் ஒரு முனைக்குக் கீழே கட்டை, மூன்று அடி தள்ளித் தராசு. கட்டையில் இருந்து ஒரு அடியில் ட்ரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுகிற எண்ணை மூன்றால் பெருக்குங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரத்துக்கு ஆப்பும் வையுங்கள். சரியான ஏற்றம் கிடைத்ததும் தரையில் பெயின்ட்டால் கட்டம் கீறி, எந்தப் பெட்டி எங்கே என்று எழுதிவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு வருகிற புதுப் பொடியனும் அந்தக் கட்டத்தைப் பார்த்து ஏற்றுவான்.

கேள்வி: தரையில் நாலு வளையம் போட்டிருக்கிறது. அது போதாதா? எல்லாரும் ஈ-டிராக் ஈ-டிராக் என்கிறார்களே.

தரை வளையம் மோட்டார்சைக்கிளுக்கு நல்லது. எங்கள் சாமான் உயரமானது, சில்லு உள்ளது. அதைச் சுவரோடு சேர்த்துக் கட்ட வேண்டும். ஈ-டிராக் என்பது துளை வரிசை உள்ள இரும்புப் பட்டை. சுவர் நீளத்துக்கு இரண்டு வரிசை போடுங்கள், ஒன்று முழங்கால் உயரத்தில், மற்றது நெஞ்சு உயரத்தில். விரும்பிய துளையில் பெல்ட்டைக் கொழுவலாம்.

பலர் விடுகிற பிழை, திருகாணியைச் சுவர்ப் பலகையில் மட்டும் இறக்குவது. ஒரு திடீர் பிரேக்கில் பலகையோடு பிய்த்துக்கொண்டு வரும். பலகைக்குப் பின்னால் 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒரு இரும்புத் தூண் நிற்கும். காந்தத்தால் தேடிப் பிடித்து அதில் இறக்குங்கள். பெல்ட்டின் சீட்டில் இரண்டு எண் இருக்கும். பெரிய எண் அறுகிற எடை, சின்னது வேலை எடை, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நீங்கள் நம்ப வேண்டியது சின்ன எண்ணை.

ராட்செட் பெல்ட்டைப் பெரிய பெட்டிகளுக்கு மட்டும் பாவியுங்கள். மெல்லிய ஸ்பீக்கர் பெட்டியை ராட்செட்டால் இறுக்கி மூலையை நொறுக்கியவர்களை எனக்குத் தெரியும். சில்லில் இருக்கிற பிரேக்கை நம்பிக் கட்டாமல் விடவும் வேண்டாம்.

கேள்வி: நான் பெண், பெரும்பாலும் தனியாகத்தான் ஏற்றி இறக்குவேன். சரிவுக் கதவா, இரட்டைக் கதவா?

சரிவுக் கதவுதான், தங்கச்சி. கேள்வியே வேண்டாம். தூக்காமல் உருட்டலாம். ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள், இல்லாவிட்டால் அந்தக் கதவைத் தூக்கவே இரண்டாவது ஆள் தேவைப்படும். சரிவில் மணல் தாள் மாதிரியான பிடிப்பு நாடா ஒட்டுங்கள். பனி உருகிய தண்ணீரில் வெறும் பலகை சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். சின்ன மின்சார இழுவை, அதுதான் வின்ச், ஒன்றை முன்சுவரின் இரும்பில் பூட்டினால் சப்வூஃபரை அதுவே உள்ளே இழுத்துவிடும்.

இதை மறக்க வேண்டாம்: வண்டியில் இருந்து கழற்றிய ட்ரெய்லருக்குள் ஏறிப் பின்பக்கம் நடந்தால் மூக்கு மேலே கிளம்பிவிடும். கழற்றி ஏற்றுவதென்றால் பின் மூலை ஜாக் இரண்டும் கீழே இருக்க வேண்டும்.

உள்ளே எல்.ஈ.டி. லைட் நாடா போடுங்கள். அதற்கான பற்றரி லித்தியமாக இருந்தால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. நான் ஏ.ஜி.எம். என்கிற ஈய அமிலப் பற்றரி வைத்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டு வாசலில் நிறுத்தினால் களவு போகாமல் என்ன செய்வது?

எனக்குத் தெரிந்த ஒருவரின் ட்ரெய்லர் டிரைவ்வேயில் இருந்து சாமானோடு போனது. கப்ளருக்கு, அதுதான் மூக்கில் பந்தைக் கவ்வுகிற பகுதிக்கு, பூட்டு இருந்தது. காலையில் பார்த்தால் உடைந்த பூட்டு மட்டும் பனியில் கிடந்தது. பூட்டு கள்ளனை நிறுத்தாது, தாமதப்படுத்தும். சத்தமும் நேரமும் கூடக் கூட அடுத்த வீட்டுக்குப் போவான்.

அதனால் ஒன்றோடு நிற்காதீர்கள். கப்ளருக்கு ஒரு பூட்டு, சக்கரத்துக்கு ஒரு கிளாம்ப், கதவுக்கு வட்டமான பக் பூட்டு. அதன் வளையம் உள்ளே மறைந்திருக்கும், வெட்டுக்கத்தரி கடிக்க இடம் இருக்காது. பின்கதவைக் கராஜ் கதவோடு ஒட்டி நிறுத்துங்கள், பூட்டையே தொட முடியாது. மண்டபத்திலும் இதே வேலை, சுவரோடு பின்பக்கம். ஒரு டிராக்கரைச் சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒளியுங்கள். ஆனால் முழு இரும்புச் சட்டத்துக்குள் புதைத்தால் சிக்னல் வராது, பூட்டுமுன் சோதித்துப் பாருங்கள்.

ட்ரெய்லரில் உங்கள் பெயரும் பெரிய ஹெட்போன் படமும் ஒட்டுவது விளம்பரம்தான். யாருக்கு விளம்பரம் என்று யோசியுங்கள். என்னுடையது வெறும் வெள்ளை. தச்சுவேலைக்காரனின் ட்ரெய்லர் என்று நினைக்கட்டும். அவர்களிடமும் களவெடுக்கிறார்கள் என்பது வேறு கதை.

மிக்சர், லாப்டாப், வயர்லெஸ் மைக் இவை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் என்னோடு வீட்டுக்குள் வரும். ஒரே பெட்டியில் போட்டு, கடைசியாக ஏற்றி, முதலில் இறக்குவேன்.

கேள்வி: வண்டிக் காப்புறுதி இருக்கிறது. ட்ரெய்லருக்குள் இருப்பதற்கும் அது காசு தருமா?

பெரும்பாலும் தராது. வண்டிக் காப்புறுதி ட்ரெய்லரைப் பார்க்கலாம், உள்ளே இருக்கிற தொழில் சாமானைப் பார்க்காது. வீட்டுக் காப்புறுதியும் தொழில் சாமான் என்றதும் கையை விரிக்கும், அல்லது சின்னத் தொகையோடு நிறுத்தும். தொழில் கருவிகளுக்கென்று தனிக் காப்புறுதி எடுங்கள். எடுக்கும்போது ‘பூட்டிய ட்ரெய்லரில், ஆள் இல்லாத நேரத்தில் களவு போனால்?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு சாமானின் தொடர் இலக்கத்தையும் படம் எடுத்துத் தொலைபேசிக்கு வெளியே சேமியுங்கள். ட்ரெய்லரின் வி.ஐ.என். என்கிற அடையாள இலக்கத்தையும் சேர்த்து.

கேள்வி: குளிர்காலத்தில் சாமானை ட்ரெய்லரிலேயே விடலாமா?

ஸ்பீக்கரும் டிரஸ்ஸும் பொறுக்கும். பிரச்சினை சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோகும்போதுதான். குளிர்ந்த இரும்பில் ஈரம் கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரிப் படியும். ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் அதே. பெட்டியைத் திறக்காமல் மூடியே ஒரு மணி, இரண்டு மணி நேரம் உள்ளே வையுங்கள். ஈரம் பெட்டியின் வெளியே படியும், சாமானில் படியாது. சாமத்தியவீட்டுக்கு ஆறு மணிக்கு இசை என்றால் நான் மூன்று மணிக்கே உள்ளே உருட்டிவிடுவேன். லித்தியம் பற்றரி விளக்குகள் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

உள்ளே கூரையிலும் பக்கத்திலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு அழகுதான், ஆனால் உப்புத் தண்ணீர் அடியில் தங்கிப் பலகை உக்கும். நான் பெயின்ட்டில் மணல் கலந்து பூசியிருக்கிறேன்.

பெற்றோல் கானும் ஜெனரேட்டரும் மூடிய ட்ரெய்லருக்குள் சாமானோடு வேண்டாம். மேடையில் தீப்பொறி வீசுகிற குளிர்ப்பொறி மெஷினின் தூள் தீப்பற்றக்கூடிய உலோகத் தூள், ஈரம் படாமல் தனிப் பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: ஜி லைசென்ஸ் போதுமா? ட்ரெய்லர் பிளேட்டை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமா?

ட்ரெய்லர் 4,600 கிலோவுக்குள் என்றால் ஜி, அதுதான் சாதாரண கார் லைசென்ஸ், போதும். பிளேட்டுக்கு ஒருமுறைதான் காசு, புதுப்பிக்கத் தேவையில்லை. தொழிலுக்கு ஓடுகிற டிரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,500 கிலோவைத் தாண்டினால்தான் சி.வி.ஓ.ஆர். என்கிற தொழில் வண்டிப் பதிவு, வருடாந்தப் பரிசோதனை என்று வேறு கதை தொடங்கும்.

கேள்வி: பழைய ட்ரெய்லர் ஒன்று வாங்கினேன். டயர் புதிது மாதிரித்தான் இருக்கிறது.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் தேடுங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ட்ரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெடிப்பதுதான் அதிகம். ஐந்தாறு வயது தாண்டினால் மாற்றிவிடுங்கள். அளவு எஸ்.டி. என்ற எழுத்தோடு தொடங்குவதை வாங்குங்கள், அது ட்ரெய்லருக்கென்றே செய்த டயர். சக்கரம் கழற்றிப் பூட்டியபின் முதல் 100 கிலோமீட்டரில் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பந்தின் அளவையும் பாருங்கள்: 2 அங்குலக் கப்ளரில் 1 7/8 அங்குலப் பந்து மாட்டினாலும் பூட்டின மாதிரியே தெரியும், முதல் குழியில் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் கீழே குறுக்காகப் போக வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரி அண்ணை, ரிவர்ஸ் எடுக்கத்தான் வருகுதில்லை. மண்டபத்துப் பின்பக்கம் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள்.

ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி இடத்தில் கையை வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கொஞ்சம் கொஞ்சமாக. மடங்கத் தொடங்கினால் வெட்கப்படாமல் முன்னால் எடுத்து நேராக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் பார்க்கிங் ஒன்றில் இரண்டு மணி நேரம் பழகினால் போதும். பின்னால் ஒரு தம்பியை நிறுத்தலாம், ஆனால் உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவர் உங்களுக்குத் தெரியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.