ஸ்டேட்மெண்டில் தெரியாத பேரில் 1,499 ரூபாய் போயிருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு 2 ரூபாயும். வங்கியில் சொன்னால் திரும்ப வருமா?

முதலில் அந்த 2 ரூபாயைப் பாருங்கள். எல்லோரும் 1,499ஐப் பிடித்துக்கொண்டுதான் தொங்குவார்கள். நானும் அப்படித்தான் தொங்கினேன்.

நான் வங்கி ஆள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். 'உமக்கு என்னவே தெரியும்' என்று கீழே கேட்க வருகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். எனக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

2023 தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆப்பில் ஸ்டேட்மெண்டை இறக்கிப் பார்த்தேன். 3,847 ரூபாய். யாரோ ஒரு தாத்தா பேரில் 'டிரேடர்ஸ்', ஊர் நாகர்கோவில். நாகர்கோவிலுக்கு நான் போயே இரண்டு வருஷம் இருக்கும். பாளையங்கோட்டையில் படிக்கிற மகள் லீவுக்கு வீட்டில் இருந்தாள். நேரே அவளிடம் போய், "ஏட்டி, என் கார்ட எடுத்து என்னத்த வாங்குன?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதமும் நல்ல விதம் இல்லை. அவள் அழுதுகொண்டே, "எப்பா, நல்லாப் பாத்துட்டு ஏசுங்க" என்றாள். நான் பார்க்கவில்லை, ஏசிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் என் மனைவி பீரோவுக்கு மேலே கிடந்த ஜவுளிக்கடை கட்டைப்பையைக் கவிழ்த்தாள். பில்லோடு பின் அடித்த ஒரு சின்னச் சீட்டு, மை பாதி மங்கிப்போய். 3,847. கார்டின் கடைசி நாலு எண்ணும் என்னுடையது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நாங்களே எடுத்த தீபாவளி ஜவுளிதான். கடை போர்டில் ஒரு பேர், ஸ்வைப் மிஷின் வாங்கியது முதலாளியின் மாமனார் பேரில், அவருக்கு ஊர் நாகர்கோவில். தேதியும் இடித்தது. நாங்கள் தேய்த்தது சனிக்கிழமை, கணக்கில் ஏறியது திங்கள். அதனால் ஸ்டேட்மெண்டில் பேரை நம்பாதீர்கள். தொகையைப் பாருங்கள், இரண்டு மூன்று நாள் முன்னால் வந்த மெசேஜ்களில் அதே தொகை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இந்தக் கூத்தில் நான் பார்க்காமல் விட்டது, நாலு வரி தள்ளி இருந்த 83 ரூபாய்ச் சொச்சம். அதன் கீழேயே ஃபாரின் மார்க்கப் என்று 3 ரூபாய்க்குள், அதற்கு ஜிஎஸ்டி சில பைசா. வங்கி எதற்கோ பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். எஸ்எம்எஸ்ஸுக்குப் பிடிக்கிறான், கார்டுக்கு வருஷா வருஷம் பிடிக்கிறான், இதையும் பிடித்திருப்பான். ஃபாரின் மார்க்கப் என்றால் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கிற கட்டணம் என்பதும், அப்போது டாலர் 83 ரூபாய் என்பதும் மண்டையில் ஏறவில்லை. எவனோ ஒருத்தன் ஒரு டாலர் எடுத்து, கார்டு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்திருக்கிறான்.

பதினோரு நாள் கழித்து ஒரு ஞாயிறு ராத்திரி, எட்டாயிரத்துச் சொச்சம், இரண்டு தடவை. விடிகாலை ஆற்றுக்குக் குளிக்கக் கிளம்பும்போதுதான் போனைப் பார்த்தேன். ஓடிபி வரவே இல்லை. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது தேவையே இல்லையாம். கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் உள்ள மூன்று எண், இவ்வளவு போதும். வைண்டிங் கணக்கு போடுகிற ஒரு ஆப் வாங்குவதற்காக வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆன் செய்தவன் நானேதான், அணைக்க மறந்தவனும் நானேதான். 'அப்போ உம்ம தப்புதானே' என்பீர்கள். கதவைப் பூட்ட மறந்தேன், சரி. அதற்காகத் திருடியவன் யோக்கியன் ஆகிவிடுவானா?

துண்டோடு திண்ணையில் உட்கார்ந்தே ஆப்பில் கார்டை முடக்கினேன். வங்கியின் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்கினேன். அப்புறம் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொன்னேன். பத்து மணிக்குக் கிளையில் எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொண்டேன். அங்கே இருந்த அம்மா மூன்று தடவை கேட்டார், "அண்ணாச்சி, யாருக்காவது ஓடிபி சொன்னீங்களா?" சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் நம் தலையில்தான்.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையில் கணக்கு தெளிவாக இருக்கிறது. நம் தப்பும் இல்லை, வங்கியின் தப்பும் இல்லை, வெளியே எங்கேயோ நடந்தது என்றால், மெசேஜ் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே கிடையாது. நாலிலிருந்து ஏழு வேலை நாள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 வரை நாம் தாங்கவேண்டும். அதற்கும் மேல் போனால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. சொன்னதிலிருந்து பத்து வேலை நாளுக்குள் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் ஏற்றவேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். நம் தப்பு என்று நிரூபிக்கவேண்டியது வங்கிதான். எனக்கு நடந்தபோது இருந்த கணக்கு இது, இப்போதைய விதியை உங்கள் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது நாள் வங்கி வாயே திறக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், காசு கிடையாது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

டிசம்பர் முதல் வாரமே இரண்டு தொகையும் கணக்கில் ஏறியது, எடுக்க முடியாதபடி. அப்புறம் அந்தப் பெருமழை, வெள்ளம். முங்கின மோட்டார்கள் கடை வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடந்ததில் இதை மறந்தே போனேன். பொங்கல் கழிந்து முடிவாக வந்தது. 83 ரூபாய் மட்டும் வரவில்லை, அதற்கு ஏழு வேலை நாள் தாண்டிவிட்டது.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முகம் தெரியாத திருடன் எடுத்ததுகூட இரண்டு மாசத்தில் வந்துவிட்டது. பங்குனி உத்திரத்துக்குள் தருகிறேன் என்று என் மச்சினன் வாங்கிப்போன கைமாற்று மூன்று உத்திரம் பார்த்துவிட்டது. அதற்கு எந்த ஆம்புட்ஸ்மேன்? அவன் இந்தத் தளத்தில் இருக்கிறான், படிக்கட்டும்.

சரி, உங்கள் விஷயம். 2 ரூபாய் இந்தியாவுக்குள்ளேயே கழிந்தது என்றால், ஏதாவது ஆப்பில் இலவசமாகப் பார்க்கலாம் என்று ஆட்டோபே, அதாவது பணம் தானாகக் கழிய அனுமதி, போட்டபோது பிடித்ததாக இருக்கலாம். அப்படியானால் 1,499 கழியும் முன்தினமே உங்களுக்கு மெசேஜோ மெயிலோ வந்திருக்கவேண்டும், தேடுங்கள். கிடைத்தால் அது திருட்டு இல்லை, ஆட்டோபேயை ரத்து செய்துவிட்டு அந்த ஆப்காரனிடம்தான் கேட்கவேண்டும். கோபத்தில் 'நான் செய்யவே இல்லை' என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை, அதிலும் டாலர் கணக்கு என்றால் இந்தப் பதிலை முடிக்காமலே போய்க் கார்டை முடக்குங்கள்.

வீட்டில் யாரையும் கேட்கிறதாக இருந்தால் மெதுவாகக் கேளுங்கள். இப்போதும் என் போனில் வங்கி மெசேஜ் சத்தம் கேட்டால், உள்ளே இருந்து ஒரு குரல் வருகிறது: "எப்பா, நான் இல்ல."